காலை இழுத்துக்கொள்ளாத குதிரை

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். ஆறு வருடமாக அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தில் இருக்கிறேன். மகளுக்குப் பதினொரு வயது. இரண்டு வருடமாகக் குதிரையேற்றம் கற்கிறாள். போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் பக்கத்து ஊரில் நடந்த குதிரைப் போட்டிக்கு எங்களை அழைத்துப் போனார். விளக்கு வெளிச்சம், ஆர்கன் இசை, நல்ல கூட்டம். குதிரைகள் முன்னங்கால்களை நெஞ்சு உயரத்துக்கு வீசி எறிந்து, பின்பக்கம் குந்தினாற்போல வந்தன. ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். மகள் என் காதில், "அப்பா, சுடற தரையில நடக்கற மாதிரியே நடக்குது, அதுக்குக் கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

நண்பரிடம் கேட்டேன். "அது இந்த இனத்தின் பிறவி நடை. எங்கள் பாரம்பரியம். வெளியாட்களுக்குப் புரியாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நான்கு நாள் மெரினாவில் உட்கார்ந்திருந்தவன் நான். அன்று இதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

வீட்டுக்கு வந்து தேடியபோது, இதைத் தடுக்க 1970-லேயே சட்டம் வந்துவிட்டது என்று தெரிந்தது. பிறகு ஏன் நிற்கவில்லை? இதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை உண்டா? மகளின் குதிரையேற்றத்தை நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்த அந்தக் குதிரைகளுக்கு என்ன நடந்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த நடை எப்படி உண்டாக்கப்பட்டது என்பதற்கு உங்கள் மகள் சொன்னதைவிடச் சரியான வர்ணனை கிடையாது. முன்னங்கால் தரையைத் தொடும்போதெல்லாம் வலிக்கும்படி செய்துவிட்டால் குதிரை காலை வெடுக்கென்று தூக்கும். உடம்பின் கனத்தைப் பின்னங்கால்களின் மேல் போட்டுக் குந்தும். அந்த நடைக்கு அங்கே 'பிக் லிக்' என்று பெயர். அதற்காகக் காலைப் புண்ணாக்குவதை 'சோரிங்' என்கிறார்கள்.

பிறவி நடை என்று உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. டென்னசி வாக்கிங் குதிரைக்கு உண்மையிலேயே ஒரு பிறவி நடை உண்டு. முன்னங்குளம்பு பதித்த தடத்தையும் தாண்டிப் பின்னங்குளம்பு விழும். அடிக்கு அடி தலை ஆடும். மேலே இருப்பவனுக்குக் குலுக்கலே இருக்காது. நாள் முழுக்கக் காட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டிய பண்ணைக்காரர்களுக்காக, பயிர் வரிசைகளுக்கு இடையே செடியை மிதிக்காமல் போகும்படி, நடு டென்னசியில் வளர்த்தெடுத்த இனம் அது. 1935-இல் லூயிஸ்பர்க்கில் அதற்குப் பதிவேடு தொடங்கினார்கள். 1939-இல் ஷெல்பிவில்லில் 'செலிப்ரேஷன்' என்னும் பெரிய போட்டி ஆரம்பமானது. இதுவரைக்கும் உள்ள கதையைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. ஒரு நிலம் தனக்கு வேண்டிய விலங்கைப் பொறுமையாக உண்டாக்கிக்கொண்ட கதை அது, உங்கள் ஊர்க் காளையின் கதையைப் போல.

காலை வீசி எறியும் நடை அதற்குப் பிறகு வந்தது. 1950-களில் இன்னும் உயரத் தூக்குகிற குதிரைக்கு நடுவர்கள் ரிப்பன் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த உயரத்துக்கு வருடக்கணக்கில் பழக்க வேண்டும். புண்ணாக்கினால் சீக்கிரம் வந்துவிடும்.

செய்முறையைச் சொல்கிறேன், மகளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். குளம்புக்குச் சற்று மேலே, கணுவைச் சுற்றி, தோலை எரிக்கும் திரவங்களைத் தடவுகிறார்கள். மண்ணெண்ணெய், டீசல், கடுகெண்ணெய். சமையலுக்கு விடும் எண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள். கடுகின் காரத்தை மட்டும் வடித்தெடுத்தது, பட்ட இடம் கொப்பளிக்கும். நேர்வாள எண்ணெயும் உண்டு. சுத்தி செய்யாத நேர்வாளத்தை நம் சித்த வைத்தியர்கள் தொடவே பயப்படுவார்கள். தடவியபின் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, மருந்து உள்ளே இறங்கும்வரை லாயத்தில் விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்தப் புண்ணின் மேல் சங்கிலி. நடக்க நடக்க அது தட்டிக்கொண்டே இருக்கும். சங்கிலியின் எடை 6 அவுன்ஸுக்குள், அதாவது சுமார் 170 கிராமுக்குள் இருந்தால் அது விதிப்படி சரி. லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே 'பேடு' என்னும் தடித்த திண்டுகளை அடுக்கடுக்காக வைத்து உயர்த்துவதும் சரி. சிலர் குளம்பைச் சதை தெரியும்வரை சீவிவிட்டு, அந்தப் பேடுக்கு அடியில் கடினமான பொருளைச் செருகிவிடுகிறார்கள். வெளியே ஒரு தடயமும் தெரியாது.

எங்கள் வீட்டில் ஒரு வண்டிமாடு இருந்தது. பெரியப்பா ஓட்டுவார். தார்க்குச்சியில் ஆணி வைத்திருந்தார். அந்த மாட்டின் இடப்பக்கமாக யார் நடந்தாலும், கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், தொடையின் தோல் சிலிர்த்துத் துடிக்கும். சந்தையில் வாங்க வந்த ஒரு கிழவர் மாட்டைச் சுற்றிக்கூட வரவில்லை. இடப்பக்கம் கையை நீட்டினார், தோல் துடித்தது, "குத்தி ஓட்டின மாடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெரியப்பாவின் முகம் அன்று சுண்டிப்போனது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். மாடு தன் எஜமானுக்கு எதிராகச் சாட்சி சொன்னதை என் கண்ணால் பார்த்தேன்.

அமெரிக்கச் சட்டமும் அந்தக் கிழவரின் கையைத்தான் நம்பியிருக்கிறது. மேரிலாந்து செனட்டர் ஜோசப் டைடிங்ஸ் கொண்டுவந்த குதிரைப் பாதுகாப்புச் சட்டத்தில் 1970 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். அதன்படி, போட்டிக்கு முன் ஆய்வாளர் குதிரையின் முன்னங்காலைத் தூக்கிக் கணுவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். வலித்தால் குதிரை காலை இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்புதான் சட்டத்தின் முக்கியமான சாட்சி.

பயிற்சியாளர்கள் அந்தச் சாட்சியைக் கலைக்கக் கற்றுக்கொண்டார்கள். லாயத்தில் போலி ஆய்வு நடத்துவார்கள். ஒருவர் புண்ணை அழுத்துவார். குதிரை அசைந்தால் இன்னொருவர் முகத்தில் அடிப்பார். மறுபடி அழுத்துவார்கள், மறுபடி அடிப்பார்கள். அசையாமல் நிற்பதே குறைந்த வலி என்று குதிரை புரிந்துகொள்ளும்வரை இது நடக்கும். 'ஸ்டூவர்டிங்' என்று இதற்கு ஒரு மரியாதையான பெயரும் வைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான். தோலை எரிக்கும் திரவத்தைவிட, சங்கிலியைவிட. வாயில்லாத ஜீவனிடம் இருந்த ஒரே சொல் அந்த இழுப்பு. அதையும் அடித்துப் பறித்துக்கொண்டார்கள். காலை இழுத்துக்கொள்ளாத குதிரையைப் பார்த்து ஆய்வாளர் 'வலி இல்லை' என்று எழுதுகிறார்.

அந்த ஆய்வாளர் யார் என்பதையும் பாருங்கள். இந்தச் சட்டத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்று 1976-இல் வரம்பு வைத்தார்கள். அந்தப் பணத்தில் எத்தனை போட்டிகளுக்கு அரசு மருத்துவரை அனுப்ப முடியும்? ஆகவே குதிரைத் தொழில் சங்கங்களே ஆய்வாளர்களுக்கு உரிமம் கொடுக்க அனுமதித்தார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி. வேளாண் துறையின் தணிக்கைப் பிரிவு 2010-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2005 முதல் 2008 வரை, சங்க ஆய்வாளர்கள் வேலை பார்த்த போட்டிகளில் அரசு மருத்துவர்கள் நேரில் இருந்தது 6 சதவீதத்தில் மட்டுமே. ஆனால் அந்த ஆய்வாளர்கள் எழுதிய மொத்த விதிமீறல்களில் 49 சதவீதம் அந்த 6 சதவீதப் போட்டிகளில் எழுதப்பட்டவை. அதே ஆய்வாளர்கள், அதே கட்டைவிரல். பக்கத்தில் யாராவது நின்றால் மட்டும் புண் தட்டுப்படுகிறது.

2006-இல் அரசு மருத்துவர்கள் செலிப்ரேஷனில் கறாராக நின்றார்கள். குதிரைகள் வரிசையாகத் தகுதி இழந்தன; அந்த வருடம் உலக மகா சாம்பியன் என்று எந்தக் குதிரையையும் அறிவிக்க முடியவில்லை. 2011-இல் அதே இடத்தில் 52 குதிரைகளின் காலிலிருந்து மாதிரி எடுத்தார்கள். 52-லும் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. மரத்துப்போகச் செய்யும் மருந்தோ எரிக்கும் மருந்தோ ஏதோ ஒன்று இல்லாத கால் அந்த 52-இல் இல்லை.

2012 மே மாதம், விலங்கு நல அமைப்பு ஒன்றின் ஆள் வேலைக்காரராகச் சேர்ந்து ரகசியமாக எடுத்த காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தன. அந்தத் தொழிலில் பெரும் புகழ் பெற்ற ஜாக்கி மக்கானெல் என்ற பயிற்சியாளரின் லாயம். பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள், பெப்சி விளம்பர ஆதரவை விலக்கிக்கொண்டது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மத்திய வழக்கில் கிடைத்தது 75,000 டாலர் அபராதமும் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும். சிறை இல்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1970 சட்டத்தின்படி புண்ணான குதிரையைப் போட்டியில் காட்டுவது குற்றம், விற்பது குற்றம், அதற்காக ஏற்றிக்கொண்டு போவது குற்றம். லாயத்துக்குள் புண்ணாக்குவது அந்தச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சொல்லப்படவில்லை.

இந்த ஓட்டையை அடைக்கவும், சங்கிலியையும் பேடையும் ஒரேயடியாகத் தடைசெய்யவும் புதிய மசோதா எழுதினார்கள். டைடிங்ஸ் 2018-இல் இறந்தபின் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிரதிநிதிகள் சபையில் 2019-இல் 333-க்கு 96, 2022-இல் 304-க்கு 111 என்று நிறைவேறியது. செனட் சபை ஒரு தடவைகூட வாக்கெடுப்புக்கு எடுக்கவில்லை. வேளாண் துறை தானாகவே விதியைத் திருத்தப் பார்த்தது. ஒபாமா ஆட்சியின் கடைசி நாட்களில் வந்த விதி, அரசிதழில் அச்சாகும் முன் ஆட்சி மாறியதால் திரும்பப் பெறப்பட்டது. ஆம், நீங்கள் மெரினாவில் உட்கார்ந்திருந்த அதே ஜனவரி. 2024-இல் மறுபடி ஒரு விதி வந்தது. செலிப்ரேஷன் சங்கமே வழக்குப் போட்டது. அமல்படுத்த வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், 2025 ஜனவரி 31-இல், டெக்சாஸ் நீதிபதி ஒருவர் அதன் முக்கியமான பகுதிகளை ரத்து செய்தார். புண்ணாக்குவதைத் தடுக்கத்தான் சட்டம் அதிகாரம் தருகிறது, எல்லாப் பேடுகளையும் சங்கிலிகளையும் தடைசெய்ய அல்ல என்பது வாதம். சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் அந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. அதனால்தான் எழுத்தையே மாற்ற வேண்டும் என்கிறேன். வலியைத் தேடிக்கொண்டே இருக்கும் சட்டம், வலியை மறைக்கக் கற்றவர்களிடம் தோற்கும். பேடும் சங்கிலியும் கண்ணுக்குத் தெரியும் பொருட்கள். அவற்றைக் கண்டுபிடிக்கக் குதிரை சாட்சி சொல்ல வேண்டியதில்லை. 2012-லேயே அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் இந்தத் தடையைத்தான் கேட்டது.

யோக்கியதை பற்றிக் கேட்டீர்கள். மெரினாவில் உட்கார்ந்தவருக்கு இதில் பேச மற்றவர்களைவிடக் கூடுதல் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன், கூடுதல் கடமையும். 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எதையெல்லாம் எழுதிவைத்தது என்று நினைவிருக்கிறதா? வாலை முறுக்கியது, கடித்தது, கண்ணில் எரிச்சலூட்டும் பொருளைப் போட்டது. நம்மில் பலர் அந்தப் பத்திகளைப் படிக்காமலே கோபப்பட்டோம். பிறகு 2017 விதிகள் திமிலை மட்டுமே பிடிக்கலாம், வாலைத் தொடக்கூடாது என்றன. 2023-இல் அரசியல் சாசன அமர்வு அந்த மாற்றங்களைக் கணக்கில் எடுத்துத்தான் நம் சட்டத்தை ஏற்றது. ஒவ்வொரு தை மாதமும் வாடிவாசலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கும் வேலை முதலில் ஜல்லிக்கட்டை நேசிப்பவர்களுடையது. உங்கள் நண்பரிடமும் இதையே சொல்லுங்கள், சண்டையாக அல்ல. அவருடைய தாத்தா ஓட்டிய குதிரை சாதாரண லாடத்தோடு பயிர் வரிசைக்குள் நடந்தது. அந்த நடைக்கும் அங்கே தனிப் போட்டிகள் இருக்கின்றன; பேடு இல்லாமல், சங்கிலி இல்லாமல். பாரம்பரியம் என்று அவர் தேடுவது அங்கேயே இருக்கிறது. ஒருநாள் அவரோடு அதற்குப் போய்வாருங்கள்.

நம் ஊரை நினைத்தால் எனக்குப் பேச நா எழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1960-இல் வந்த நம் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாயில் முடிகிறது.

மகளின் குதிரையேற்றத்தை நிறுத்தாதீர்கள். அத்தனை கூட்டமும் கைதட்டிக்கொண்டிருந்தபோது காலைப் பார்த்தவள் அவள். பள்ளியில் குதிரையின் மேல் ஏறும் முன், முழங்காலிலிருந்து குளம்புவரை கையால் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும். தோல் சூடாக இருக்கிறதா, முடி உதிர்ந்திருக்கிறதா, தொட்டால் நடுங்குகிறதா என்று பார்க்கட்டும். காலின் பின்பக்கத் தசைநாணை விரல்களால் லேசாக அழுத்தினால், தொடும் கையை நம்புகிற குதிரை தானே காலைத் தூக்கி அவள் உள்ளங்கையில் வைக்கும். அந்தக் குதிரையின் பெயரை நீங்கள் எழுதவில்லையே. அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.