கட்டம் போட்ட சேலை

கேள்வி: அம்மம்மாவின் மருதமுனைக் கைத்தறிச் சேலை கொடியில் காய்வதை நீர்வர்ணத்தில் வரைந்தேன். மஞ்சள், பச்சைக் கட்டங்களை அளந்து ஒவ்வொன்றாக நிரப்பினேன். மாபிள் பதித்த தரை மாதிரி வந்திருக்கிறது. துணியாகவே தெரியவில்லை. எங்கே பிழை?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், கட்டத்தைக் கட்டமாக வரைந்ததுதான் பிழை. தறியில் யாரும் கட்டம் நெய்வதில்லை. மருதமுனையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே வாப்பாவின் தறி இருந்தது. அதன் சத்தத்தில்தான் நான் பாடம் படித்தேன். நீளத்துக்குப் பாவு நூல் நிற்கும், நாடா என்கிற ஓடக்கட்டை குறுக்கே ஊடை நூலைக் கொண்டுபோகும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கட்டம் தானாக விழும். மஞ்சளும் பச்சையும் சந்தித்தால் இளம்பச்சை. பச்சையும் பச்சையும் சந்திக்கிற சதுரம்தான் சேலையிலேயே ஆழமான பச்சை.

நீர்வர்ணம் ஒளி ஊடுருவுகிற வர்ணம். அதனால் தறி செய்வதையே தூரிகையும் செய்யலாம். முதலில் மடிப்புகளின் நிழலை மட்டும் மெல்லிய சாம்பல் நீலத்தில் போடுங்கள். காய்ந்ததும் சேலை முழுக்க மஞ்சள். அதுவும் காய்ந்தபின் பச்சைப் பட்டைகளை மேலிருந்து கீழாக இழுங்கள். அதுதான் பாவு. அப்புறம் அதே பச்சையில் குறுக்கே ஊடை. பச்சையை நீங்கள் நினைப்பதில் பாதி அடர்த்திக்குக் கரைத்தால் போதும், சந்திக்கிற இடத்தில் அது தானாக இருளும். ஒரு பட்டைக்கு ஒரே இழுப்பு. திரும்பத் தேய்த்தால் அடி நிறம் கரைந்து கிளம்பிவிடும்.

அவசரம் மட்டும் வேண்டாம். மாரிக்காலத்தில் நம் பக்கம் தாள் லேசில் காயாது. ஒரு மார்கழியில் பொறுமையில்லாமல் ஊடையை இழுத்து, மூன்று நாள் வேலையைச் சேறாக்கியிருக்கிறேன். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

அடிமட்டம் எடுக்காதீர்கள். மடிப்பில் ஊடைப் பட்டை உள்ளே மறைந்து, அந்தப் பக்கம் கொஞ்சம் மேலேயோ கீழேயோதான் மறுபடி வெளிவரும். அந்த முறிவை வரைந்தாலே பாதித் துணி வந்துவிடும். வெள்ளை இழை இருந்தால், வர்ணத்துக்கு முன்பே மெழுகுதிரித் துண்டால் மெல்லக் கோடு இழுத்துவிடுங்கள். மெழுகு பட்ட இடத்தில் வர்ணம் ஒட்டாது.

சரி, இப்போது அந்தச் சேலையைக் கொடியிலிருந்து எடுத்து மடியில் விரியுங்கள். கரை ஓடுகிற திசைதான் பாவு. அதைக் கண்டுகொண்ட பிறகு தூரிகையை நனையுங்கள்.