ரோமானியர் கான்கிரீட்டில் இன்று வீடு கட்டலாமா?

கேள்வி: கடலூரில் கடற்கரைக்கு அருகே வீடு கட்டப் போகிறோம். பக்கத்து மனையில் அப்பா கட்டிய வீட்டில் முப்பது வருடத்துக்குள் தளம் பெயர்ந்து கம்பி தெரிகிறது. ரோம் நகரில் ஒரு கான்கிரீட் கூரை 1,900 ஆண்டுகளாக நிற்கிறதாமே! அதே போல சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்து நாங்களும் கட்டினால் என்ன?

பதில்: தளம், பீம், தூணுக்கு அது சரிப்படாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டின் ஆயுளைக் கூட்டவும் வழி தெரியும்.

நீங்கள் சொல்வது பாந்தியன் கோயில். ஹாட்ரியன் பேரரசர் காலத்தில் கட்டி முடித்தார்கள். குவிமாடத்தின் குறுக்களவு 43 மீட்டர். அத்தனை பெரிய கூரைக்குள் ஒரு கம்பிகூடக் கிடையாது. உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். அதனால்தான் ரோமானியர்கள் வளைவும் குவிமாடமுமாகக் கட்டினார்கள். எடை பெரும்பாலும் அழுத்தமாகவே கீழே இறங்கும். பாந்தியன் கூரை அடியில் 6 மீட்டர் கனம், உச்சியில் 1.2 மீட்டர்தான். மேலே போகப் போக எடை குறைந்த எரிமலைக் கல்லாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். இழுவை வந்த இடங்களில் அதிலும் விரிசல் உண்டு. ஆனால் விரிசலுக்குள் தண்ணீர் போனாலும் துருப்பிடிக்க அங்கே இரும்பு இல்லை.

உங்கள் தளம் தட்டையானது, ஐந்து அங்குலக் கனம். பாரம் ஏறினால் அடிப்பக்கம் இழுபடும், கம்பி இல்லாமல் நிற்காது. சிமெண்டின் காரத்தன்மை அந்தக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கும். கடலோரத்தில் உப்பு இன்னும் சீக்கிரமாக வேலையைக் காட்டிவிடும். கம்பியில் ஏறும் துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை நெட்டித் தள்ளும். அப்பா வீட்டுத் தளத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் கோட்டில் பழுப்புக் கறை, அதையொட்டி மயிரிழை விரிசல், தட்டினால் பொத்தென்று பொள்ளல் சத்தம். விழுந்த சில்லைத் திருப்பினால் கம்பியின் முறுக்கு அச்சு துருவோடு அப்படியே பதிந்திருக்கும்.

சரி, ரோமானியர் கலவையில் விசேஷமே இல்லையா? உண்டு. நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டிய போஸ்ஸுவோலிப் பக்கத்து எரிமலைச் சாம்பல், சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீருக்குள்ளேயே இறுகும். கடலில் கட்ட ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு சாம்பல் என்பது ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொன்ன கணக்கு. அவர்களுடைய துறைமுகக் கான்கிரீட்டை மேரி ஜாக்சன் என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டது: உள்ளே கசியும் கடல்நீர் சாம்பலோடு வினைபுரிந்து டோபர்மோரைட் என்ற படிகங்களை வளர்த்து, கலவையை மேலும் பிணைக்கிறது. நம் கம்பியைத் தின்னும் அதே உப்புத்தண்ணீர்!

பழைய ரோமானியக் கான்கிரீட்டை உடைத்தால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். சரியாகக் கலக்காத வேலை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். நீற்றாத (முன்னதாகத் தண்ணீர் விட்டு அணைக்காத) சுண்ணாம்பைச் சூடு பறக்கக் கலந்ததால் வந்தவை அவை என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து அட்மிர் மாசிக் குழு 2023-இல் காட்டியது. விரிசலில் தண்ணீர் இறங்கினால் கட்டி கரைந்து, மறுபடி படிந்து, விரிசலை அடைக்கிறது. சோதனையில் அரை மில்லிமீட்டர் விரிசல் இரண்டு வாரத்தில் மூடிக்கொண்டது.

ஆனால் ரோமில் கட்டியதெல்லாம் நின்றுவிடவில்லை. ஊரில் கட்டடங்கள் இடிந்து விழ முக்கியக் காரணம் சுண்ணாம்புத் திருட்டு என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். மூட்டையில் கை வைப்பது நம் ஊர் மேஸ்திரி கண்டுபிடித்ததில்லை.

இனி உங்கள் வீடு. பி.பி.சி. (போர்ட்லாண்ட் பொசலானா) சிமெண்ட் வாங்குங்கள். பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்த்தது. ரோமானியர் சாம்பல் செய்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது, உப்பும் சுலபத்தில் உள்ளே இறங்காது. ஆனால் இது மெதுவாக இறுகும். பத்து நாளாவது தண்ணீர் கட்ட வேண்டும், பதினான்கு நாள் என்றால் நல்லது. கடற்காற்று நேராக அடிக்கும் இடத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், இதுதான் கவர்; அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் சொருகினால் வேலையை நிறுத்துங்கள். அப்புறம் தண்ணீர். ரோமானியர்கள் கெட்டிக் கலவையைப் போட்டு இடித்து இறுக்கினார்கள். நம் ஆட்கள் கொட்டச் சுலபமாக இருக்கட்டுமென்று குழாயைத் திறந்துவிடுவார்கள். இந்தச் சூழலில் ஒரு மூட்டைக்கு 22 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, மணலின் ஈரமும் அதில் சேர்த்தி. இறுக்க வைப்ரேட்டர் இருக்கிறது.

சுண்ணாம்பு ஆசை விடவில்லையென்றால் மொட்டை மாடியில் பயன்படுத்துங்கள். கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் நன்றாக அடித்து, மேலே தட்டோடு பதிக்கத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் ஓட வாட்டம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் ஓடு பதிக்கும் முன் ஒரு குடம் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.