400 மீட்டர் முடிந்ததும் 4-7-8 மூச்சு: கண் இருட்டுவது ஏன்?

ஓட்டம் முடிந்த உடனே மூச்சை அடக்காதீர்கள். பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் கடைசிச் சுற்று முடிந்ததும், இடுப்பில் கைவைத்து அப்படியே நின்று 4-7-8 மூச்சு (4 எண்ணும்வரை இழுத்து, 7 எண்ணும்வரை அடக்கி, 8 எண்ணும்வரை விடுவது) செய்ததாகவும், கண் இருட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கண் இருட்டாமல் என்ன செய்யும்?

சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலைக்குப் போவது குறையும். அனேகமாக அதுதான் காரணம். போதாக்குறைக்கு, சேர்ந்துவிட்ட கரியமில வாயுவைத் தள்ளத்தான் உடம்பு இரைக்கிறது. அதைப் போய் ஏழு எண்ணும்வரை அடைத்தால்?

நாளைக்கு இப்படிச் செய்து பாருங்கள்:

1. ஐந்து நிமிடம் மெல்ல நடங்கள். மூச்சு அதன் போக்கில் இரைக்கட்டும்.

2. பேச்சு திக்காமல் வந்த பிறகு நிழலில் மல்லாந்து படுத்து, வயிற்றில் கை வையுங்கள். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். நடுவில் அடக்கவே வேண்டாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வயிற்றுக் கை ஏறி இறங்க வேண்டும், தோள் தூக்கினால் தப்பு.

இதயத்துடிப்பு இறங்கும், மனசு அடங்கும். மறுநாள் தொடைவலி போய்விடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

நடந்தும் கண் இருட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அப்புறம், நம்ம ஊர் மூன்று மணி வெயிலிலா ஓடுகிறீர்கள்? அப்படியென்றால் முதலில் நேரத்தை மாற்றுங்கள்.