காசு கொடுத்தது நீங்கள், சாவி அவர்களிடம்

கேள்வி: நான் தங்கச்சிமடம். நாட்டுப்படகில் தொழில். போன வருஷம் 18 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். படகில் விழுந்து கண்ணாடி உடைந்ததால் பாம்பனில் ஒரு கடையில் டிஸ்ப்ளே மாற்றினேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் இரவு தானாக அப்டேட் ஏறியது. காலையில் திரை தெரிகிறது, தொட்டால் வேலை செய்யவில்லை. ராமநாதபுரம் சர்வீஸ் சென்டரில் "வெளியே பிரித்த போனைத் தொடமாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். நான் கடலில் பார் (மீன் கூடுகிற அடிப்பாறை) பார்த்துக் குறித்து வைத்த இடமெல்லாம் அதற்குள் இருக்கிறது. "புதுசு வாங்குங்கப்பா, இதுக்கெல்லாமா சண்டை போடுவாங்க" என்கிறான் மகன். படகு பிடிபடுகிறது, ஆட்கள் சிறைக்குப் போகிறார்கள். அதற்கு நடுவில் இதையும் ஒரு குறை என்று கேட்பது சரியா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், தங்கச்சிமடம்

பதில்: சரிதான், கேட்கத்தான் வேண்டும். போன் செத்ததைவிட உங்கள் கடைசி வரியில் இருக்கிற தயக்கம்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. படகு பிடிபட்டால் வீட்டுக்குத் தகவல் வருவது இந்தப் போனில். காற்று கூடும், கடலுக்குப் போகாதே என்று எச்சரிக்கை வருவதும் இதில்தான். கரையில் மீனை எடுக்கிற வியாபாரி பணம் போடுவதும் இதில்தான். அது ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் போய்விட்டது. வலை, இஞ்சின் மாதிரி தொழிலுக்கு வேண்டிய சாமான் அது. அதை ஒருவர் எங்கிருந்தோ முடக்கிவிட்டு, பழுதுபார்க்கவும் மாட்டேன் என்றால் அது பெரிய குறைதான். மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் கரையில் நான் பலமுறை பார்த்த காட்சி ஒன்று உண்டு. தென்னை நிழலில் ஒருவர் உட்கார்ந்து, வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்களை ஊசியால் முடிந்துகொண்டே பேசுவார். வலை விற்ற கம்பெனி எது என்று யாரும் கேட்பதில்லை. இஞ்சின் மக்கர் பண்ணினால் மணலில் சாக்கை விரித்து அக்கக்காகக் கழற்றிவிடுகிறீர்கள். வாங்கிய பொருளைப் பிரிப்பதும் பழுதுபார்ப்பதும் வாங்கியவர் விருப்பம் என்பதை உங்கள் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன் கைக்கு வந்ததும் அந்த நியாயத்தை மட்டும் எப்படி விட்டுக்கொடுத்தோம் என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

நடந்தது என்னவாக இருக்கும் என்று சொல்கிறேன். இப்போது பல போன்களில் டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சிப் இருக்கிறது, அதில் ஒரு எண் இருக்கிறது. கம்பெனியில் போனைச் சேர்க்கும்போதே அந்த எண்ணை மதர்போர்டில் பதிந்துவிடுகிறார்கள். அப்புறம் வேறு டிஸ்ப்ளே போட்டால், அது எவ்வளவு தரமானதாக இருந்தாலும், எண் ஒத்துப்போகாது. சில போன்கள் "அசல் பாகம் இல்லை" என்று காட்டுவதோடு விட்டுவிடும். சிலவற்றில் ஏதாவது ஒரு வசதி நின்றுபோகும். ஒத்துப்போகிற மாதிரி எண்ணைப் பதிய ஒரு மென்பொருள் உண்டு, ஆனால் அது கம்பெனியிடமும் அவர்கள் கைகாட்டுகிற கடைகளிடமும்தான் இருக்கும். உங்கள் போனில் நடந்தது இதுதானா, அல்லது புது அப்டேட்டுக்கு அந்த டிஸ்ப்ளேயின் சிப் ஒத்துவரவில்லையா என்பதைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இரண்டில் எதுவானாலும், முந்தின நாள் வரை ஓடிய உங்கள் பொருளை நீங்கள் கேட்காமலே ஒருவர் வெளியிலிருந்து நிறுத்த முடிந்திருக்கிறது. அதனால் பாம்பன் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மூன்று மாதம் ஓடியிருக்கிறது என்றால் அவர் வேலை சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது.

உங்கள் கதை ஆஸ்திரேலியாவில் கிட்டத்தட்ட இதே மாதிரி நடந்து, கோர்ட்டுக்கே போயிருக்கிறது. 2015, 2016-ல் அப்டேட் போட்ட சில ஐபோன்கள், ஐபேடுகளில் 'எரர் 53' என்று ஒரு செய்தி வந்து கருவியே முடங்கிப்போனது. கேட்கப் போனவர்களிடம், வேறு கடையில் பழுதுபார்த்திருக்கிறீர்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். குறைந்தது 275 பேரிடம் இப்படிச் சொன்னதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டு, 2018 ஜூனில் கோர்ட் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வேறொருவர் பிரித்தார் என்ற ஒரே காரணத்தால் வாங்கியவரின் உரிமை போய்விடாது என்பதுதான் அங்கே முடிவானது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் சர்வீஸ் சென்டரில் உங்களிடம் சொன்ன அதே வாக்கியத்தை ஒரு நாட்டின் நீதிமன்றம் ஏற்கவில்லை என்று தெரிந்துகொண்டு போனால் குரலில் தெம்பு வரும்.

கம்பெனிகள் பாதுகாப்புக்காகத்தான் இப்படிச் செய்கிறோம் என்கின்றன. கைரேகை உணரியை மாற்றித் திருடன் போனைத் திறந்துவிடக் கூடாது என்கிறார்கள். அந்த ஒரு பாகத்துக்கு அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடிக்கும் பேட்டரிக்கும் அதையே சொன்னால் ஏற்க முடியாது. அசல் பாகத்தையும் எண் பதிகிற மென்பொருளையும் எல்லாக் கடைக்கும் நியாயமான விலையில் கொடுத்துவிட்டு, அப்புறம் பாதுகாப்பைப் பற்றிப் பேசட்டும்.

எங்கள் அலுவலகத்திலும் இது நடந்தது. பிரிண்டரின் கார்ட்ரிட்ஜில் மை நிரப்பி ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அதே கார்ட்ரிட்ஜை 'ஏற்க முடியாது' என்றது. இதழ் அச்சுக்குப் போகிற நாள். மை முழுசாக இருக்கிறது, மெஷின் நன்றாக இருக்கிறது, ஒரு பக்கம் கூட எடுக்க முடியவில்லை. அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால் உங்கள் கடிதத்தை நான் சாதாரணமாகப் படிக்கவில்லை.

நம் நாட்டில் என்ன நிலை? 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீடு, இழுபறி எல்லாம் நடந்தது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு போட்டு, அந்த வருஷக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வாகனம் என்று நான்கு துறை. ஆனால் கம்பெனி மறுத்தால் தண்டிக்கிற தனிச் சட்டம் வரவில்லை. சட்டம் இல்லாமல் இணையதளத்தை மட்டும் வைத்துக்கொண்டு தங்கச்சிமடத்துக்காரர் என்ன செய்வார்? ராமநாதபுரம் போய்வர ஒரு நாள் தொழில் போகிறது. இதை நம் எம்.பி.க்கள் டெல்லியில் கேட்க வேண்டும், நாம் அவர்களைக் கேட்க வைக்க வேண்டும்.

இனி நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். குறித்து வைத்த இடங்கள். எனக்கு இதுதான் போனைவிடப் பெரிதாகப் படுகிறது. உங்கள் அப்பா காலத்தில் கரையில் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் ஒரு நேரில் வைத்து, கயிறு விட்டு ஆழம் பார்த்து, பார் இருக்கிற இடத்தை மனசில் வைத்துக்கொண்டார்கள். அடுத்தவருக்குச் சொல்லமாட்டார்கள், மகனுக்கு மட்டும் சொல்வார்கள். ஒரு குடும்பத்தின் சொத்து அது. இன்றைக்கு அது 9 டிகிரி, 79 டிகிரி என்று தொடங்குகிற எண்களாக ஏதோ ஒரு ஆப்புக்குள் இருக்கிறது. அந்த ஆப் எப்போதும் உங்கள் இருப்பிடத்தைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கும், நீங்களும் கொடுத்திருப்பீர்கள். எண்கள் போனில் மட்டும் இருக்கின்றனவா, கம்பெனியின் சர்வருக்கும் போகின்றனவா? செட்டிங்ஸில் பாருங்கள்.

சட்டம் இதில் கைகொடுக்குமா என்றால், பாதிதான். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்க, திருத்தச் சொல்ல, அழிக்கச் சொல்ல இடம் வைத்திருக்கிறார்கள். என்னுடையதை எடுத்து என் கையில் கொடு, நான் வேறு ஆப்புக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்கிற உரிமை 2019-ல் வந்த மசோதாவில் இருந்தது. சட்டமாக வந்தபோது அது இல்லை. உங்களுக்கு இன்றைக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

உங்கள் பக்கத்திலேயே ஒன்றைப் பாருங்கள். மண்டபம், பாம்பன் கரையோரம் மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கிற பாசியை 'பெப்சி பாசி' என்கிறோமே, அது அந்தக் கம்பெனி இங்கே பரப்பிய தொழில் என்பதால் வந்த பெயர். 2008-ல் அவர்கள் அந்தத் தொழிலை வேறு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பவளப்பாறைக்கு அந்தப் பாசி கெடுதல் என்ற கவலை எனக்கும் உண்டு, அதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் கம்பெனி போனதும் பாசி வளராமல் நின்றுவிட்டதா? 45 நாளில் அறுத்ததில் கொஞ்சம் எடுத்து மறுபடி கயிற்றில் கட்டினால் அடுத்த அறுப்பு. எந்த சர்வரும் அனுமதி தர வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் வீட்டு விளக்குகளை இயக்கும் ரிவால்வ் என்ற கருவியை 300 டாலர் கொடுத்து வாங்கினார்கள். கூகுள் குழுமத்தைச் சேர்ந்த நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கி, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. கருவியில் ஒரு பழுதும் இல்லை. வாங்கியவர் வீட்டில் வெறும் டப்பாதான் மிஞ்சியது.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது. சர்வீஸ் சென்டரில் மறுத்ததை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள், அப்படியென்றால் போன தேதியையும் பேசியதையும் நீங்களே எழுதி வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீரவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியைத் தந்திருக்கிறது. 5 லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். போன் வாங்கிய பில், பாம்பன் கடை பில் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். ஜெயிப்பீர்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் மாதிரி நூறு பேர் போட்டால்தான் அந்தத் தனிச் சட்டம் வரும்.

அதற்கு முன்னால், இன்றைக்கே, குறித்த இடங்களை வெளியே எடுங்கள். திரை தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல விஷயம். ஓடிஜி கேபிள் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அதைச் சார்ஜ் போடுகிற இடத்தில் செருகி, கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்றை மாட்டுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் ஒரு அம்புக்குறி வரும், விரலுக்குப் பதில் அதை வைத்து எல்லாவற்றையும் திறக்கலாம். செருகுவதற்கு முன்னால் அந்தத் துளையைப் பாருங்கள், உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் கடைக்காரரை விட்டு சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஆப்பைத் திறந்து ஒவ்வொரு இடத்தின் டிகிரி, மினிட் எண்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த எண் எந்தப் பார் என்று அவன் கையாலேயே பெயர் எழுதச் சொல்லுங்கள். பென்சிலில் எழுதட்டும், பேனா மை கடல் தண்ணீர் பட்டால் கரைந்துவிடலாம்.