பைக் ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டின் (பழைய ஆயிலை இறக்க இன்ஜின் அடியில் இருக்கும் போல்ட்) மரை போகாமல் இருக்க என்ன செய்வது?

பெரும்பாலும் இறுக்கும்போதுதான் மரை போகிறது. போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பகுதியோ அலுமினியம். அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினிய மரைதான் உரிந்து வரும்.

இன்ஜினை 3 நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சூடான ஆயில் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். கையில் பட்டுவிடாமல் கவனம். ரிங் ஸ்பேனர் போதும், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் போல்ட் தலையை உருட்டிவிடும்.

திரும்ப மாட்டும்போது புது வாஷர் போட்டு, முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். இது ரொம்ப முக்கியம். முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது. கழற்றி, துடைத்து, மறுபடி நேராக வையுங்கள். அப்புறம் டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவலில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கசிந்தால் இன்னும் இறுக்காமல் வாஷரைப் பாருங்கள். ஏற்கெனவே மரை போயிருந்தால், லேத் பட்டறையில் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்யலாம்.