பாணமையில் இரண்டு அறை கட்ட யாருடைய கடிதம் வேண்டும்?

கேள்வி: பாணமையில், உகந்தைக்குப் போகும் பாதையோரம் எங்களுக்கு ஒரு ஏக்கர் பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி) இருக்கிறது. வீட்டோடு சேர்த்து இரண்டு அறை கட்டி, சுற்றுலா வருபவர்களுக்குக் கொடுக்க யோசிக்கிறோம். குமண தேசிய பூங்கா கிட்ட இருப்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கடிதம் வேண்டுமாம். ஒன்றரை இலட்சம் தந்தால் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, தேசிய பூங்கா எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் (சுமார் 1.6 கிலோமீற்றர்) எதைக் கட்டுவதற்கும் வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். எல்லை என்றால் வர்த்தமானியில் உள்ள எல்லை. யானை வேலியிலிருந்து அளந்து பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். மின்வேலி பல இடங்களில் எல்லையில் இல்லை.

ஆனால் உங்கள் பக்கத்தில் காடாகத் தெரிவதெல்லாம் பூங்கா அல்ல. குமண பூங்காவின் வாசல் உகந்தையில். பாணமைக்கும் உகந்தை முருகன் கோயிலுக்கும் இடையில் குடும்பிகல-பாணமை சரணாலயம் இருக்கிறது. சரணாலயம் வேறு, தேசிய பூங்கா வேறு. பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் கால் வைக்க முடியாது. சரணாலயத்துக்குள் தனியார் காணியே இருக்கலாம், சனம் குடியிருக்கலாம். அந்த ஒரு மைல் கணக்கும் சரணாலய எல்லைக்கு இல்லை. "சரணாலயம் பக்கம்தானே, அதே சட்டம்தான்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதற்காக அரச காணியில் மரத்தில் கை வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

உங்களுடைய உண்மையான சிக்கல் பெர்மிட். இந்தத் தரகர்கள் முதலில் கடிதம் என்பார்கள், பிறகு வெற்றுத்தாளில் கையெழுத்து, அப்புறம் அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்). கடைசியில் உங்கள் வளவில் வெளியூர்க்காரரின் ஹோட்டல் நிற்கும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் காணியைக் கைமாற்றினால் அது செல்லாது. நிபந்தனையை மீறினார் என்று பெர்மிட் ரத்தானால் நட்டம் உங்களுக்குத்தான், தரகருக்கு இல்லை.

லகுகல பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில், குடியிருப்புக் காணியில் இப்படித் தொழில் செய்யலாமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு மைலுக்குள் வருகிறீர்களா என்பதை வனஜீவராசிகள் அலுவலகத்திடமும் எழுத்திலேயே கேளுங்கள். கட்டட அனுமதி பிரதேச சபையில்.

செயலகத்தில் "வனஜீவராசிகளைக் கேளுங்கள்" என்பார்கள். அங்கே போனால் "செயலகக் கடிதம் எங்கே?" இரண்டு அதிகாரிகள் தொலைபேசியில் பேசி முடிக்கிற விஷயத்துக்கு நீங்கள் பஸ் ஏறி ஏறி இறங்க வேண்டும். இந்த அலைச்சல்தான் தரகருக்குச் சோறு போடுகிறது.

கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் இழுபட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.