குடியிருப்பில் பொங்கல் விளையாட்டு நடத்த என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். எல்லா வயதினரும் கலந்துகொள்ளும்படி எப்படித் திட்டமிடுவது?

எங்கள் குடியிருப்பில் நாலு வருடமாக இந்த வேலை என் தலையில்தான். முதல் வருடம் நான் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன்.

20 பிள்ளைகளை வைத்து மியூசிக்கல் சேர் நடத்தினேன். பாட்டு நிற்க, நாற்காலியை எடுக்க, "நான்தான் முதல்ல உட்கார்ந்தேன்" பஞ்சாயத்து தீர என்று சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. ஒருவர் மிஞ்ச 19 சுற்று, கிட்டத்தட்ட அரை மணி நேரம். முதல் சுற்றிலேயே வெளியேறிய யுகேஜி வாண்டு அவ்வளவு நேரமும் அம்மா மடியில் அழுதுகொண்டிருந்தது. ஓடியாட ஆசையாய் வந்த சின்னதைத்தான் அந்த விளையாட்டு முதலில் உட்கார வைக்கிறது!

அதிலிருந்து எந்த விளையாட்டை எடுத்தாலும் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: தோற்றவர் அடுத்து எங்கே போவார்? மியூசிக்கல் சேரைக் கைவிடவில்லை. ஏழேழு பேராக மூன்று வட்டம், மூன்றுக்கும் ஒரே பாட்டு. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வெளியே வந்த பிள்ளை நேரே சாக்கு ஓட்ட வரிசைக்குப் போகும், இல்லையென்றால் பல்லாங்குழி மேசைக்கு.

அந்த மேசை பெரியவர்களுக்காகப் போட்டது. முதியோர் போட்டி என்று மைக்கில் அறிவித்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "பாட்டி, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்" என்றதும் மூன்று பேர் வந்தார்கள். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, அவ்வளவுதான் செலவு. பக்கத்தில் தாயக்கட்டையும் வைத்தால் தாத்தாக்களும் நகர்ந்து வருவார்கள்.

கோலத்தைக் காலை ஆறரைக்கே வைத்துவிடுங்கள், வெயிலுக்கு முன் முடிந்துவிடும். நாலடிக்கு நாலடி கட்டங்களை முந்தின இரவே சாக்பீஸால் போட்டுவிட வேண்டும். புள்ளிக் கோலத்தையும் கலர் ரங்கோலியையும் ஒரே போட்டியில் சேர்க்காதீர்கள், கலர்தான் ஜெயிக்கும். நடுவர் வெளியாளாக இருக்கட்டும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கயிறு இழுத்தலில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள விடவே கூடாது, விரல் போய்விடும். "இதெல்லாம் ஒரு விளையாட்டா" என்று கேட்ட மாமாவிடம், 1900 முதல் 1920 வரை இது ஒலிம்பிக்கிலேயே இருந்தது என்றேன். அடுத்த நிமிடம் பி பிளாக் கயிற்றின் கடைசியில் நின்றார்.

உறியடியைக் கடைசியில் வையுங்கள். அடிப்பவர் ஒருவர்தான், ஆனால் இடம் வலம் என்று கத்திக் குழப்பிவிடுகிற அத்தனை பேரும் அதில் விளையாடுகிறார்கள். அதனால்தான் அதற்கு மட்டும் கூட்டம் கலைவதில்லை. சுற்றிலும் 15 அடி தள்ளிக் கயிறு கட்டுங்கள், கார்களை முன்னாலேயே நகர்த்தச் சொல்லுங்கள். எங்கள் இரண்டாவது வருடக் கம்பு கை நழுவிப் போய் ஒரு கார் கண்ணாடியைப் பார்த்துவிட்டது. பானைக்குள் மஞ்சள் தண்ணீர் போதும். உடைந்ததும் பானைச் சில்லுகளைப் பெருக்கிய பிறகே பிள்ளைகளை உள்ளே விடுங்கள்.

ஏழு வயதுக்குக் கீழே முதல், இரண்டாம் பரிசு வேண்டாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா. அப்புறம், சுண்டல் அண்டாவை உறி உடையும்வரை திறக்காதீர்கள். ஒரு வருடம் அதை முன்கூட்டியே திறந்துவிட்டு, நானும் வாட்ச்மேன் அண்ணனும் மட்டும் மாறி மாறி உறியடித்தோம்.